தையலுக்கு அடியில் இருந்த ஊதா

இன்று காலை அன்னூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் நகப்பூச்சை அழித்துக்கொண்டு வந்தாள். கையில் சின்னக் குப்பி, கொஞ்சம் பஞ்சு. மூடியைத் திருகியதுமே அந்த வாசனை எழுந்து மூக்கில் ஏறியது. அசிட்டோன். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எனக்கோ சரவணம்பட்டி தாண்டி கோவில்பாளையம் வரும்வரை கண்ணைத் திறக்க முடியவில்லை. நம் ஆய்வறையின் வாசனை அது. குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையை முகர்ந்து பார்த்து, "இந்தக் கையோட சோறு பெசஞ்சா எப்படி புள்ள எறங்கும்?" என்று நீ கேட்கும் வாசனை.

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போனவர்களைப் பற்றி எழுதும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை. உன்னைப் பற்றி எதை நினைத்தாலும் அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் நிற்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம். பாதி நேரம் அங்கே நிற்பவள் நானே.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் அந்த பெல்ட் கம்பெனியில் சேர்ந்தோம். கிரேனில் கனமான பொருள்களைத் தூக்குவதற்கான பாலியெஸ்டர் பெல்ட்களை நெய்து தைத்து விற்கும் கம்பெனி. ஆராய்ச்சிப் பிரிவு என்று சொல்லி, தறிக் கூடத்துக்குப் பின்னால் நூல் கோன்கள் அடுக்கியிருந்த ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். நான் பொள்ளாச்சிக்குப் பக்கம், தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். நீ அன்னூர்ப் பக்கத்து ஊர், உன் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் வேலை செய்து உன்னை எம்.எஸ்ஸி வரை படிக்க வைத்தவர்கள். இந்த வித்தியாசம் நமக்குள் ஒருபோதும் பேச்சாக வந்ததில்லை. அதை எனக்கு நினைவூட்ட வேறு ஆள் இருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று முதல் நாள் கேட்டேன். பலகையில் படம் போட்டு விளக்குவாய் என்று பார்த்தால், "இறுக்கமான ஜாக்கெட்டைப் போட்டுட்டுக் கையை மேல தூக்கினா மொதல்ல எது போகும்?" என்று கேட்டாய்.

"ஹூக்கு."

"துணி கிழியறதுக்கு முன்னாடி ஹூக்கு விட்டுரும், இல்ல? நான் நூலுக்குள்ள அப்படி ஒரு ஹூக்கு வைக்கப் போறேன். ஆனா விட்டதும் நெறம் மாறிடும்."

பிறகுதான் படம் போட்டாய். நடுவில் ஒரு மூலக்கூறு வளையம். அதில் ஒரே ஒரு பிணைப்பு மட்டும் மற்றவற்றைவிட மெலிது. வளையத்தின் இருபுறமும் நீளமான பாலிமர் சங்கிலிகள். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை மெலிந்த பிணைப்பில் போய்ச் சேரும். அளவுக்கு மேல் போனால் அது அறும், வளையம் திறக்கும். மூடிய வளையத்துக்கு நிறம் கிடையாது. திறந்தால் ஊதா. மற்ற வலுவான பிணைப்புகளெல்லாம் அப்படியே இருக்கும்; பெல்ட் அறுந்திருக்காது. ஆனால் தாங்கக்கூடியதைவிட அதிகமாகத் தூக்கிவிட்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்போதே எடுத்து ஓரமாகப் போட்டுவிடலாம். இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. நம் மேனேஜருக்குக் கடைசிவரை புரியவில்லை என்று அன்றெல்லாம் நினைத்திருந்தேன். அவருக்கு நம் எல்லோருக்கும் முன்பே புரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்பெனிப் பத்திரிகைக்காக ஒருவர் வந்து உன்னைப் பேட்டி எடுத்தாரே, நினைவிருக்கிறதா? "உங்க குடும்பத்துல யாராவது விபத்துல இறந்திருக்காங்களா மேடம்? அதனாலதான் இந்த ஆராய்ச்சியா?" என்று கேட்டார். நீ அவரை மேலும் கீழும் பார்த்தாய். "எங்கப்பா நல்லா இருக்காருங்க. இந்நேரம் சோளத்தட்டு அறுத்துட்டு இருப்பாரு. ஒருத்தர் சாவக்கூடாதுன்னு நெனைக்கறதுக்கு எங்க ஊட்டுல ஒரு சாவு உழுந்திருக்கோணுமுங்களா?" என்றாய். அவர் அதை எழுதவில்லை. உன் படத்தையும் போடவில்லை.

இழுவை இயந்திரத்தில் முதல் பெல்ட்டைப் பூட்டிய மதியம் எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. வெள்ளை பெல்ட், நடுவில் உன் நூல் ஒரு கோடாக. முள் ஏறியது. பெல்ட்டில் அச்சிட்டிருந்த எடை அளவைத் தாண்டியது. கோட்டில் முதலில் ஒரு கறை போலத் தெரிந்தது, பிறகு முழுவதும் ஊதா. நீ சத்தம் போடவில்லை, குதிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாய். "சொல்லிருச்சு புள்ள" என்றாய்.

சோதனைக்காகப் பத்து பெல்ட்களை ஒரு ஃபவுண்டரிக்கு அனுப்பினோம். பம்பு, மோட்டார்களுக்கான இரும்பு வார்ப்புகள் செய்யும் இடம். நம் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். வேலுச்சாமி அண்ணன்தான் நம்மை எதிர்கொண்டார். கிரேன் கொக்கியில் பெல்ட் மாட்டுவதும், தூக்கிய பொருளைக் கையால் தள்ளித் திசை காட்டுவதும் அவர் வேலை.

"ஏனுங்க அம்மணி, உங்க புது பெல்ட்டெல்லாம் கறை புடிச்சுப்போச்சுங்க. நாவப்பழத்தை நசுக்கித் தேச்சாட்ட இருக்குது. நாங்க ஒண்ணும் பண்ணலைங்க."

பத்தும் ஊதா. ஒன்றுகூடத் தப்பவில்லை. நீ அவரிடம் அது கறை இல்லை என்றாய். எதற்காக அந்த நிறம் வருகிறது என்று பொறுமையாகச் சொன்னாய். அவர் தலையை நிமிர்த்தி கிரேனைப் பார்த்தார். பிறகு கீழே, தான் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருசமா நாங்க இதுக்கு அடியிலதான் நின்னுட்டு இருந்தமுங்களா?"

"ஊதா வந்தா எடுத்து வெச்சுருங்கண்ணா. யாரு சொன்னாலும் மாட்டாதீங்க" என்று மட்டும் சொன்னாய். அவர் அப்படியே செய்தார். செய்ததற்காகத் திட்டு வாங்கினார். வேலை நிற்கிறது என்று அங்கிருந்து நம் மேனேஜருக்குப் போன் மேல் போன்.

பத்து நாள் கழித்து மேனேஜர் சிரித்த முகத்தோடு நம் அறைக்கு வந்தார். கையில் இரண்டு பெல்ட். "பாத்தீங்களா, தானா சரியாயிடுச்சு. உங்க நூலுக்கே மனசு மாறிப்போச்சு" என்றார். பளிச்சென்று வெள்ளை. நீ உன் ஸ்கூட்டியை எடுத்தாய், நான் பின்னால் ஏறினேன். ஃபவுண்டரியின் பின்பக்கத்தில் கம்பி கட்டி, துணி காயப்போடுவது போல மிச்ச எட்டு பெல்ட்டும் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. பாதி வெளுத்திருந்தன.

உனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. திறந்த வளையத்தின்மேல் நல்ல வெளிச்சம் தொடர்ந்து பட்டால், அறுந்த பிணைப்பு மறுபடி சேர்ந்து வளையம் மூடிக்கொள்ளும். நிறம் போய்விடும். உன் குறிப்பேட்டில் அதைக் குறைபாடு என்று நீயே எழுதி வைத்திருந்தாய். யாரோ அதைப் படித்திருக்கிறார்கள். நிறம் போய்விட்டதால் பெல்ட் பழையபடி ஆகிவிடாது. பாலியெஸ்டர் இழைகள் பட்ட அடி அப்படியே இருக்கும். சொன்ன வாயை மட்டும் மூடிவிட்டார்கள்.

அங்கே அந்தக் கம்பியடியில் நின்று நீ கத்தினாய். உன் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "இது வெளிச்சம் பட்டா மூடிக்கும்னு எனக்குத் தெரியும். மூடறதுக்குன்னே காயப்போடுவாங்கன்னு எந்தப் பொஸ்தகத்துல இருக்குது?" மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாய். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இருதய வால்வு ஒன்று பழுதானதும், ஒருநாள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குச் சொன்னாய். வேறு வழியில்லாமல் சொன்னது போலச் சொன்னாய்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் நீ வேறு எதையும் செய்யவில்லை. திறந்தால் மூடாத வளையம். வெயிலில் போடு, விளக்கில் காட்டு, கொதிக்கும் நீரில் முக்கு, ஊதா ஊதாவாகவே இருக்க வேண்டும். எத்தனை குடுவைகள் கெட்டன, எத்தனை முறை பிசின் போல ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டு நீ அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாய் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். கடைசியில் செய்துவிட்டாய். அந்தத் துண்டை நம் அறைக் கூரையில் இரண்டு வாரம் வெயிலில் போட்டுப் பார்த்தோம். ஊதா அசையவில்லை.

மேனேஜர் முன்னால் அதை வைத்தபோது அவர் கையால்கூடத் தொடவில்லை.

"இது வேண்டாமுங்க. பழசே போதும்."

"ஏனுங்க சார்? பழசு அழிஞ்சுருதுங்க."

"அதானுங்க நானும் சொல்றேன். கஸ்டமர் பயப்படறாங்க. நாம பெல்ட்டு விக்கறமா, புகார்ப் பெட்டி விக்கறமா?"

புரியாதவர் பேச்சா இது? அழிகிற சாட்சி வேண்டும், அழியாத சாட்சி வேண்டாம். இதை இவ்வளவு நேராக ஒருவர் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதோடு நிற்கவில்லை. பழைய நூலின் நிறமாற்றம் வெயில், சூடு இவற்றாலும் நேரக்கூடியது, நம்பத்தக்கதல்ல, எனவே நிறத்தை வைத்து பெல்ட்டை ஒதுக்கத் தேவையில்லை என்று ஓர் அறிக்கை கேட்டார். வெயில் அந்த நிறத்தைப் போக்கும், வர வைக்காது. வெயிலால் அந்த நிறம் வந்துவிடாதபடி நூலுக்கு ஒரு மேல்பூச்சும் நீ கொடுத்திருந்தாய். உண்மையைத் தலைகீழாகப் புரட்டிய அறிக்கை. நீ அந்தத் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வந்தாய்.

மறுநாள் அவர் என்னை மட்டும் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். என் பெரியப்பாவுக்கும் அவர் மாமனாருக்கும் உள்ள சம்பந்தத்தை விவரித்தார். "நீங்க நம்ம ஊட்டுப் பொண்ணுங்க அம்மணி. அவங்களுக்கு என்ன, எங்கிருந்து வந்தாங்க, தொழில் பண்றவங்க கஷ்டம் தெரியுமா? படிச்சுப்போட்டா ஆச்சா? நீங்க சொன்னா ஒரு பொறுப்பு இருக்குது" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

பயந்து போட்டேன் என்றால்கூட உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். பயமில்லை. அவர் 'நம்ம ஊட்டுப் பொண்ணு' என்றது எனக்குச் சுகமாக இருந்தது. உன்னைவிட நான் ஒரு படி மேல் என்று ஒருவர் சொன்னார், நான் அதை மறுக்கவில்லை. நீ செய்த நூலை நீயே நம்பாதது போல எழுதியிருந்த தாளில், இணை ஆராய்ச்சியாளர் என்ற பெயரில் என் கையெழுத்து. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. கூசட்டும்.

நீ அதை அலுவலகக் கோப்பில் பார்த்தாய். என்னிடம் வந்து நின்றாய். சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். "கையெழுத்து அழகா இருக்குது புள்ள" என்றாய். அவ்வளவுதான். அடுத்த வாரம் உன்னை பேக்கிங் பிரிவில் ஸ்டிக்கர் ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் நீ வேலையை விட்டுவிட்டாய். போகும்போது உன் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். அந்த ஒழுங்குதான் என்னைக் கொன்றது.

நாலு மாதம் கழித்து ஃபவுண்டரியில் பெல்ட் அறுந்தது. தூக்கியிருந்த இரும்பு வார்ப்பு அச்சுப்பெட்டி வேலுச்சாமி அண்ணனின் வலது காலில் விழுந்தது. உயிர் தப்பியது, பாதம் தப்பவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். பெல்ட்டில் குறை இல்லை என்பதற்கு ஆதாரமாக என் அறிக்கையை இணைத்தார்கள். இருபது வருடம் கிரேனுக்கு அடியில் நின்ற மனிதர் கவனக்குறைவானவராம். ஊதா வந்தால் மாட்டாதீர்கள் என்று நீ சொன்னதை அப்படியே கேட்ட மனிதர் அவர். அவர் கண்ணுக்கு ஊதாவே தெரியாமல் செய்துவிட்டு, அவருக்குக் கவனம் போதவில்லை என்கிறார்கள்!

அவர் உனக்குத்தான் போன் செய்திருக்கிறார். நீ ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல மனு எழுதி, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாய். அறுந்த பெல்ட்டை ஆய்வாளர் கைப்பற்றும்போது கூடவே நின்றிருக்கிறாய். அன்று மாலை என்னைக் கூப்பிட்டாய். நாலு மாதத்துக்குப் பிறகு உன் குரல்.

"நம்ம சோதனை பெல்ட்டுதான் புள்ள. வெள்ளையா இருக்குது. வெளுத்து எடுத்து மறுபடி மாட்டியிருக்காங்க. முன்னமே அடி பட்டது, அளவுக்குள்ள தூக்கும்போதே அறுந்திருக்குது."

"இப்ப எப்படி நிரூபிக்கறது?"

"ரெண்டு மொனையிலயும் மடிச்சுத் தெச்சிருக்கோமே, அந்தத் தையலுக்கு அடியில வெயில் போகாது. இருட்டுல அந்த நெறம் அப்படியே கெடக்கும், நான் அப்படித்தான் கட்டியிருக்கேன். அதைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லோணும். ஆனா உன்ற அறிக்கை அங்க இருக்குது. நெறத்தை நம்பக்கூடாதுன்னு நீ எழுதியிருக்கற. நீ வந்து அது பொய்யின்னு சொன்னீன்னாத்தான் பிரிப்பாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் மறக்க மாட்டேன் என்கிறது. "பாக்கறேன்" என்றேன்.

நீ வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன் என்று சொன்னாய். முடித்துவிட்டு வந்து பேசலாம் என்றாய். ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தாய். மூன்று நாளில் ஒருநாள்கூட நான் வரவில்லை. வந்தால் நீ கேட்பாய் என்று பயந்தேன். கையெழுத்துப் போடும்போது இல்லாத பயம் அப்போதுதான் வந்தது, பார்.

கம்பெனியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வேலையை விட்டுப் போனவளுக்கு எதற்கு என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. மேனேஜர் பேசினார். "ரொம்பத் திறமையான பொண்ணு. ஆனா மனசு மென்மை. இந்தத் தொழில்ல பிரஷர் இருக்கும், எல்லாராலும் தாங்க முடியாது. அவங்களாலயும் முடியல" என்றார். நாற்பது பேர் தலையை ஆட்டினார்கள். பாவம், பாவம் என்றார்கள்.

நான் எழுந்தேன். யோசித்து எழவில்லை. நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தில்தான் நான் நிற்கிறேன் என்பதே தெரிந்தது.

"சார், அவளுக்கு இருந்தது வால்வுல வியாதி. மனசுல எந்தக் குறையும் இல்லைங்க. நீங்க கேட்ட பொய்யை அவ எழுத மாட்டேன்னா. அதைத் தாங்க முடியாம ஸ்டிக்கர் ஒட்ட அனுப்புனது நீங்க. அந்தப் பொய்யை எழுதுனது நான். இங்க பலவீனமான ஆளு வேணும்னா என்னைக் காட்டுங்க."

"உக்காருங்க அம்மணி, துக்கத்துல பேசறீங்க" என்றார் அவர், மிக மரியாதையாக.

"துக்கம் இல்லைங்க சார். அவமானம்."

அங்கிருந்து நேராக ஆய்வாளர் அலுவலகம் போனேன். என் அறிக்கை பொய் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி, நடுவயதுப் பெண், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார். தேதி குறித்து எல்லோரையும் வரச் சொன்னார். நம் மேனேஜர் வந்தார். ஃபவுண்டரிக்காரர்கள் வந்தார்கள். வேலுச்சாமி அண்ணன் ஊன்றுகோலில் வந்தார்.

அதிகாரி கத்தரியால் தையலைப் பிரித்தார். நைலான் நூல், ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருந்தது. மடிப்பை விரித்தார்.

அப்படியே இருந்தது. நாவல்பழ ஊதா. விரல் நீளத்துக்கு, நடுக் கோட்டில், தையல் மறைத்த இடம் வரைக்கும். அதைத் தாண்டி வெள்ளை. மறு முனையையும் பிரித்தார். அங்கேயும் ஊதா.

வேலுச்சாமி அண்ணன் குனிந்து பார்த்தார். "பொண்ணு சொன்னதேதானுங்க" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அங்கே நின்றிருக்க வேண்டும். உன் இடத்தில் நான் நின்றதே திருட்டு மாதிரி இருந்தது.

மூன்று மாதம் முன்பு உத்தரவு வந்தது; அதன் நகல் என் கைக்குக் கிடைத்தது இரண்டு நாள் முன்புதான். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற வரியை நீக்கிவிட்டார்கள். அளவுக்கு மேல் தூக்கியதும் நிறத்தைப் போக்கியதும் பதிவாகியிருக்கிறது. ஃபவுண்டரி இனி எடை பார்த்துத்தான் தூக்க வேண்டும், அழியாத குறியீடுள்ள பெல்ட்தான் பயன்படுத்த வேண்டும். அழியாத குறியீடு! நீ கூரையில் காயப்போட்ட அதே நூல். கம்பெனி இப்போது அதைப் பெருமையாக விற்கிறது. விளம்பரத் தாளில் 'எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் சாதனை' என்று போட்டு, மேனேஜர் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம். உன் பெயர் எங்கும் இல்லை. கேட்டு எழுதினேன். வேலையில் இருக்கும்போது செய்வது கம்பெனிக்குச் சொந்தம் என்று பதில் வந்தது. உனக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தான் தெரியும் என்று முடிவு செய்த அதே ஆட்கள். நான் விடப்போவதில்லை. உன் குறிப்பேடுகளின் நகல்களோடு கம்பெனி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பெல்ட் கம்பெனி வேலையை விட்டாகிவிட்டது. இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் பொருள்களை இழுத்துச் சோதிக்கும் கூடத்தில் இருக்கிறேன்.

உத்தரவின் நகலைக் கொடுக்கத்தான் இன்று உன் வீட்டுக்குப் போனேன். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். அம்மா என்னை இதற்கு முன் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். "வாங்க கண்ணு, ஊடு தேடிட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க" என்று விசிறியைப் போட்டார். மோர் கொடுத்தார். உத்தரவைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். வேலுச்சாமி அண்ணன் பெயர் வந்த இடத்தில் தலையசைத்தார். உன் பெயர் வருகிறதா என்று காத்திருந்தார். மனு கொடுத்தவர்களில் ஒருவர் என்ற இடத்தில் ஒரு முறை வந்தது. மறுபடி படிக்கச் சொன்னார்.

பிறகு கேட்டார். "ஏனுங்க கண்ணு, என்ற புள்ள செஞ்ச நூலு என்னதான் பண்ணுமுங்க? அவ சொல்லுவா, எனக்கு ஒண்ணும் வெளங்காது."

தெரிந்த வரையில் எளிதாகச் சொன்னேன். பாரம் தாங்காமல் போவதற்கு முன்னாலேயே, உள்ளே ஒன்று விட்டுக்கொடுத்து, நிறத்தில் காட்டிவிடும் என்றேன்.

"அப்ப ஆபத்து வாரதுக்கு முன்னாடியே சொல்லிப்போடுமுங்களா?"

"சொல்லிருமுங்கம்மா."

"சொல்லுச்சுங்களா?"

"சொல்லுச்சுங்க."

"அதைப் பாத்தவங்க ஆராச்சும் இருந்தாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. "நான் பாத்தனுங்கம்மா" என்றேன். அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். போனில் நீ கேட்டதையும், நான் 'பாக்கறேன்' என்றதையும், அந்த மூன்று நாளையும் சொன்னேன். அவர் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"பாத்துப்போட்டும் சும்மா இருந்துட்டீங்களாக்குமுங்க" என்றார்.

திட்டவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. அத்தனை பெரிய கேள்வியிலும் அந்த 'ங்க' விடுபடவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்மேல் எனக்கிருந்த உரிமையெல்லாம் அந்த ஒரு நொடியில் தீர்ந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மேனேஜரைப் பற்றி, ஃபவுண்டரியைப் பற்றி, தலையாட்டிய நாற்பது பேரைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். அத்தனை கோபமும் அப்படியேதான் இருக்கிறது, அவர்கள் யாரையும் நான் விட்டுவிடவில்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே உன் அம்மாவின் அந்த 'ங்க' உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சேராத மரியாதை அது. அதை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உன் பெயர் அந்த நூலில் ஏறும்வரை சுமந்துகொண்டு நடப்பேன். ஏறிய பிறகும் இறக்கி வைக்க எனக்கு இடமில்லை.